கடற்படைத் தேர்வுப் பயிற்சி வகுப்பு: மகளை அனுப்பிவைத்த பிறகு எழுதும் மதிப்புரை

மும்பையில் சயான் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடற்படையில் அக்னிவீரராக, அதாவது நான்காண்டுப் பணிக்கான மாலுமியாகச் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வுக்கும் உடற்தகுதித் தேர்வுக்கும் பயிற்சி தரும் ஒரு வகுப்பில் என் மகளைச் சேர்த்தேன். நான்கு மாதப் பயிற்சிக்கு 18,000 ரூபாய் கட்டணம். அவள் தேர்வாகி, ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில் அடிப்படைப் பயிற்சியை முடித்து, இப்போது குஜராத்தின் ஜாம்நகரில் ஐ.என்.எஸ். வல்சுராவில் மின்பிரிவுப் பயிற்சியில் இருக்கிறாள். தேர்வு முடிவு வந்த அன்றே இதை எழுதியிருந்தால், மகிழ்ச்சியில் வகுப்பின் எல்லாவற்றையும் புகழ்ந்திருப்பேன். சென்ற மாதம் அவள் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தபோது, வகுப்பில் கற்றதில் எது சில்காவில் உதவியது, எது உதவவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுதுகிறேன். பயிற்சி நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இப்படிப்பட்ட வகுப்புகள் மும்பையில் பல இருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கப்போகும் நம் தமிழ்ப் பெற்றோர் எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியம்.

முதலில் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மனக்குறை ஏற்பட்டது அங்கேதான். விசாரிக்கப் போன அன்று மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர், இது நிரந்தர அரசு வேலை என்றும், ஓய்வூதியம் உண்டு என்றும், அவர்களிடம் சேர்ந்தால் வேலை உறுதி என்றும் சொன்னார். மூன்றும் தவறு. 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள் மட்டுமே. அதன் முடிவில் ஒரு தொகுதியில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்றாலும், அதில் 30 சதவீதம், பணி முடிவில் திரும்பத் தரப்படும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால் கைக்கு வருவது 21,000 ரூபாய்தான். நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000 ஆகிறது. பிடித்த தொகைக்குச் சமமான தொகையை அரசும் போடுகிறது. நான்கு ஆண்டு முடித்து வெளியே வருபவருக்கு வட்டி நீங்கலாக ஏறத்தாழ 10.04 லட்சம் ரூபாய் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே என் மகள் சேர விரும்பினாள், நாங்களும் சம்மதித்தோம். ஆனால் தாராவியிலிருந்து வந்திருந்த இன்னொரு குடும்பம் ஓய்வூதியம் என்ற ஒரே சொல்லை நம்பிக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தது. வாழ்நாள் வேலை என்று சொல்லிப் பணம் வாங்குவது பெரும் பிழை, அதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை.

மதிப்பெண் சான்றிதழ்களின் அசலைப் பாதுகாப்புக்காகத் தங்களிடமே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன், நகல் மட்டும் கொடுத்தேன். யார் கேட்டாலும் அசலைக் கொடுக்காதீர்கள். இருப்பிடச் சான்றிதழைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது இன்னொரு குறை. கடற்படையில் தகுதிப் பட்டியல் மாநில வாரியாகத் தயாராகிறது. ஊர் தூத்துக்குடி, பிள்ளை பிறந்து வளர்ந்தது மும்பையின் ஆன்டாப் ஹில் என்று இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எந்த மாநிலத்தின் பெயரில் விண்ணப்பிப்பது என்பதே முதல் கேள்வி. அதற்கான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் கடைசி வாரத்தில் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்த அலைச்சலை இந்த அலுவலகம் ஒரு நிமிடப் பேச்சில் தவிர்த்திருக்கலாம்.

பாட வகுப்புகள் பரவாயில்லை. ஆங்கிலம், அறிவியல், கணிதம், பொது அறிவு என்று நான்கு பகுதிகள். 100 கேள்விகளுக்கு ஒரு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். கணித ஆசிரியர் திறமையானவர், ஆனால் ஒரே அறையில் அறுபது பேர் உட்கார்ந்திருந்ததால் பின்வரிசைப் பிள்ளைகள் கேள்வி கேட்கும் வாய்ப்பே இல்லை. கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வருகிறது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று வளர்வதால், சில்காவில் அணிவகுப்புக் கட்டளையும் அறைத்தோழிகளின் பேச்சும் முதல் நாளே புரிந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்த ஒரு பெண் முதல் இரண்டு வாரம் மொழி புரியாமல் தவித்தபோது, என் மகள்தான் அவளுக்கு ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

ஓட்டப் பயிற்சியைப் பாராட்ட வேண்டும். ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 30 விநாடியிலும், பெண்கள் 8 நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும். அதோடு உட்கார்ந்து எழும் பயிற்சி ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 15. சேர்ந்தபோது என் மகளுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட 11 நிமிடம் ஆனது. முதல் மாதம் வேகத்தைப் பற்றிப் பேசாமல், நிற்காமல் ஓடுவதை மட்டும் பழக்கினார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து 400 மீட்டர்களாகப் பிரித்து நேரம் குறித்தார்கள். நான்காம் மாத முடிவில் அவள் 7 நிமிடம் 20 விநாடியில் முடித்தாள். ஆனால் மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிட்டால் மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது, அன்று விடுமுறைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும் ஊரில் வகுப்பு நடத்துபவர்கள் இதைச் சிந்தித்திருக்க வேண்டும். பெண்கள் உடை மாற்றத் தனியறையும் இல்லை. மூன்று பெற்றோர் சேர்ந்து கேட்ட பிறகு படிக்கட்டுக்குக் கீழே இருந்த சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் இது மற்ற வகுப்புகளைப் போன்ற ஒன்றுதான். இதை நான் பரிந்துரைக்கக் காரணம், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் பாடம் நடத்தும் ஓய்வுபெற்ற சீஃப் பெட்டி ஆபீசர் (மாலுமிகளில் மூத்த பதவி) ஒருவர். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், கப்பல்களிலேயே வயதானவர். பிள்ளைகள் அவரைச் சீஃப் சார் என்று அழைத்தார்கள். கட்டணத் தாளில் இந்த வகுப்புக்குக் கூடுதல் வகுப்பு என்று மட்டும் பெயர் இருந்தது. தேர்வுக்கு உதவாது என்று பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. சில்காவுக்குப் போன பிறகு உதவியது இந்த வகுப்புதான் என்று என் மகள் உறுதியாகச் சொல்கிறாள்.

அவர் முதல் நாள் எடுத்த பாடம் உடுப்பைப் பற்றியது. துணியைத் துவைப்பது, இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது, காலணியைப் பளபளப்பாக்குவது ஆகியவற்றை ஒவ்வொருவரையும் தம் முன்னால் செய்யவைத்தார். அம்மா துவைத்துக் கொடுத்த உடுப்பைப் போட்டு வளர்ந்த பிள்ளைகள் அதில் பலர். சில்காவில் கிட் மஸ்டர் என்று ஒன்று உண்டு. கடற்படை கொடுத்த ஒவ்வொரு பொருளையும், பெயர் குறியிட்டு, மடிப்புக் கலையாமல், குறிப்பிட்ட வரிசையில் கட்டிலின் மேல் பரப்பி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு காலுறை குறைந்தாலும், ஒரு மடிப்பு கோணினாலும், மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டும். விடுப்பில் வந்தவள் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, தம்பியின் சட்டைகளை எல்லாம் எடுத்து, அவனுடைய பாடப் புத்தகம் ஒன்றை அளவாக வைத்து, எல்லாச் சட்டையும் ஒரே அகலத்தில் வருமாறு மடித்து அடுக்கினாள். அவள் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

கடற்படையின் பேச்சுவழக்கையும் சீஃப் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார். கரையில் கட்டடங்களாக இருக்கும் முகாமும் அவர்களுக்குக் கப்பல்தான், அதனால்தான் சில்காவுக்கும் வல்சுராவுக்கும், இந்தியக் கடற்படைக் கப்பல் என்று பொருள்படும் ஐ.என்.எஸ். என்ற முன்னொட்டு. தரை என்று சொல்வதில்லை, டெக் என்பார்கள். சுவர் பல்க்ஹெட், கழிப்பறை ஹெட்ஸ், முகாமின் வாயிலைத் தாண்டி ஊருக்குள் போவதுகூடக் கரைக்குப் போவதுதான். வணக்கம் வைக்கும்போது உள்ளங்கை வெளியே தெரியாமல் தரையைப் பார்த்திருக்க வேண்டும். பாய்மரக் காலத்தில் கயிற்றின் தார் படிந்த கையை மேலதிகாரிக்குக் காட்டக் கூடாது என்பதால் வந்த பழக்கம் என்று மரபாகச் சொல்வார்கள் என்று சீஃப் விளக்கியிருக்கிறார்.

கயிறு முடிச்சுகளுக்கு மட்டும் மூன்று ஞாயிறுகள் ஒதுக்கினார். ரீஃப் முடிச்சு, குளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட், போலைன் என்று நான்கையும் கண்ணைக் கட்டிக்கொண்டு போடும் அளவுக்குப் பழக்கினார். மகள் வீட்டில் நாற்காலிக் காலில் போலைன் போட்டுப் பழகியபோது நான் பார்த்தேன். இழுத்தால் இறுகாத வளையம், வேலை முடிந்ததும் எளிதில் அவிழும். தூத்துக்குடியில் தோணியில் வேலை பார்த்த என் அப்பா, எனக்குச் சிறுவயதில் போட்டுக் காட்டிய முடிச்சு அதுவேதான். பெயர் மட்டும் வேறு. சில்காவில் படகு துடுப்பு வலிக்கும் பயிற்சியின்போது கயிற்றைக் கையாளத் தெரிந்திருந்தது அவளுக்குப் பெரிய துணையாக இருந்திருக்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வாட்ச், அதாவது முறை வைத்து விழித்திருந்து காவல் நிற்பது பற்றி அவர் நடத்திய பாடம். கப்பல் நடுக்கடலில் இரவென்று நின்றுவிடுவதில்லை. எந்திரம், மின்சாரம், ராடார், மேல்தளக் கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் ஆள் விழித்திருக்க வேண்டும். அதற்காக ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரிக்கிறார்கள். நள்ளிரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், நம் பேச்சில் நடுச்சாமம். 4 முதல் 8 வரை மார்னிங். 8 முதல் 12 வரை ஃபோர்நூன். 12 முதல் 4 வரை ஆஃப்டர்நூன். இரவு 8 முதல் 12 வரை ஃபர்ஸ்ட் வாட்ச். மாலை 4 முதல் 8 வரை உள்ள நேரத்தை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரித்து டாக் வாட்ச் என்கிறார்கள். ஏன் அந்த ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும் என்று சீஃப் கேட்டபோது வகுப்பில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பிரிக்காவிட்டால் ஒரு நாளில் ஆறு முறைகள் வரும். ஆட்கள் இரண்டு அல்லது மூன்று குழுவாக மாறி மாறி நிற்கும்போது, ஒரே குழுவுக்குத் தினமும் நடுச்சாமமே விழும். பிரித்தால் ஏழாகிவிடும், முறை ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே போகும். கடினமான நேரம் எல்லாருக்கும் சமமாகப் பங்காகும். இதைக் கரும்பலகையில் வட்டம் போட்டு அவர் விளக்கிய விதத்தை மகள் அன்றிரவே எனக்குத் தாளில் வரைந்து காட்டினாள்.

பாடத்தோடு விடாமல், ஒரு சனிக்கிழமை இரவு பிள்ளைகளை வகுப்பிலேயே தங்கவைத்து வாட்ச் நிற்கவைத்தார். பெண் பிள்ளைகளுக்குத் துணையாகச் சீஃபின் மனைவியும் தங்கினார். நான் இதை விரும்பவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது தூக்கத்தைக் கெடுப்பது எதற்கு என்று அவரிடமே கேட்டேன். “அண்ணாச்சி, ஒரு ராத்திரி கெடட்டும். பிள்ளைக்கு ராத்திரின்னா என்னன்னு தெரியணும்” என்றார். என் மகளுக்கு விழுந்தது நடுச்சாமம். மொட்டை மாடிக் கதவருகே நின்று, அரை மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து, காற்று எந்தப் பக்கம், தெருவில் என்ன தெரிகிறது, தண்ணீர்த் தொட்டியின் அளவு என்ன என்று நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். கடைசி லோக்கல் ரயிலும் போன பிறகு சயானே அடங்கிவிட, தூக்கம் கண்ணை இழுத்தபோது, இரண்டரை மணிக்கு எழுத வேண்டியதை அவள் இரண்டு இருபதுக்கே எழுதிவைத்துவிட்டாள். சரியாக அந்த நேரத்தில் சீஃப் மாடிப்படி ஏறி வந்து நோட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். சத்தம் போடவில்லை. அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்து, “பார்க்காததை எழுதாதே அம்மா, கப்பலில் இந்த ஒரு வரியை நம்பித்தான் மற்றவன் தூங்குகிறான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். சிவப்புக் கோடு விழுந்த அந்தத் தாளை அவள் கிழித்துப் போடவில்லை, சில்காவுக்குப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள்.

இன்னொரு ஞாயிறு, பிள்ளைகளைக் கொலாபாவில் உள்ள கடற்படை எழுச்சி நினைவிடத்துக்கு அழைத்துப் போனார். 1946 பிப்ரவரி 18 அன்று இதே பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற சமிக்ஞைப் பயிற்சி நிலையத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியதற்கு, கெட்டுப்போன உணவும் அதிகாரிகளின் இழிவான பேச்சும் உடனடிக் காரணங்களாக இருந்தன. சில நாட்களில் அது கராச்சி உள்ளிட்ட பல துறைமுகங்களுக்கும் பரவியது. சாப்பாட்டுத் தட்டு மாலுமியின் மானத்தோடு சேர்ந்தது, அதனால் மெஸ்ஸில் உணவு சரியில்லை என்றால் முறைப்படி சொல்லுங்கள், வீணாக்கினால் அதற்கும் நீங்களே பொறுப்பு என்று அங்கே நின்றுகொண்டு சொன்னாராம். தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் தராத பயணம் இது. போகாத பிள்ளைகள் இழந்ததை நினைத்து எனக்கு வருத்தம்தான்.

மருத்துவப் பரிசோதனை பற்றியும் அவர் சொன்னதே எங்களைக் காப்பாற்றியது. தேர்வின்போது ஒரு முறை நடக்கும் பரிசோதனையோடு முடிவதில்லை; சில்கா போய்ச் சேர்ந்த பிறகு இறுதிப் பரிசோதனை உண்டு, அதில் தேறாதவர் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான். காதில் அழுக்கு, பல்லில் காறை இருந்தால் முன்பே மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வரச் சொன்னார். நாங்கள் போனோம்.

நீச்சலில்தான் வகுப்பு முழுவதுமாகக் கைவிட்டுவிட்டது. கடற்படைக்கு ஆள் தயார் செய்யும் இடத்தில் நீச்சலுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, தேர்வில் அது கிடையாது, அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கற்றுத் தருகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் தெரியாதவர்கள் கூடுதல் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும். சீஃப் சொன்னதைக் கேட்டு நாங்கள் மகளைச் செம்பூரில் உள்ள மாநகராட்சி நீச்சல் குளத்தில் தனியாகச் சேர்த்தோம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தும் அதுவரை இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாத பெண், புறப்படும் முன் ஐம்பது மீட்டர் நீந்தப் பழகியிருந்தாள்.

சில்காவின் அன்றாடம் பற்றி மகள் சொன்னதையும் எழுதுகிறேன், வகுப்பை மதிப்பிட அதுதான் அளவுகோல். விடியும் முன்பே விசில் சத்தத்தில் எழுந்து, படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து, உடற்பயிற்சிக்கு ஓட வேண்டும். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம். அதன் பிறகு அணிவகுப்பு மைதானம், வகுப்பறை, துப்பாக்கிப் பயிற்சி, தீயணைப்பு, படகு, நீச்சல் என்று பகல் முழுவதும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட்டம். நடப்பது என்பதே கிடையாது. மாலையில் விளையாட்டு, சூரியன் மறையும்போது கொடியிறக்கம், இரவில் தங்குமிடத்தைச் சுற்றிப் பார்க்கும் ரவுண்ட்ஸ். வியர்வை காயாத அந்தப் புழுக்கம் மும்பைக்காரிக்குப் புதிதல்ல. தனக்குக் கடினமாக இருந்தது உடல் களைப்பு அல்ல, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க ஒரு நிமிடமும் கிடைக்காததுதான் என்றாள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராக வாழ்ந்த எங்கள் பிள்ளைக்கே அப்படி என்றால், தனியறையில் வளர்ந்த பிள்ளைகள் மூன்றாம் வாரத்தில் அழுததில் வியப்பில்லை. பதினாறு வாரங்கள் இப்படிப் போகும். அக்னிவீரர்களின் முதல் தொகுதி 2023 மார்ச் 28 அன்று அங்கே பயிற்சி முடித்தபோது, வழக்கமாகக் காலையில் நடக்கும் நிறைவு அணிவகுப்பைச் சூரியன் மறைந்த பிறகு நடத்தினார்கள். கடற்படையில் பெண்கள் மாலுமிகளாகச் சேர்ந்தது அந்தத் தொகுதியிலிருந்துதான்.

ஆகவே, இந்த வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், சீஃபின் ஞாயிறு வகுப்பு நடக்கும்வரை சேர்க்கலாம் என்பதே. ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது, இந்த ஆண்டு மாதம் இரண்டு ஞாயிறு மட்டுமே வருகிறார் என்று கேள்விப்படுகிறேன். பணம் கட்டும் முன் அதை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், மேசைக்காரரிடம் கேட்காமல் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியேறிப் போய் நீங்களே பாருங்கள். கரும்பலகையில் வட்டம் வரைந்திருந்தால் அவர் வந்திருக்கிறார் என்று பொருள்.